ஊசி படாத தட்டு

வலது முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "மூணு மாசத்துக்கு மாடிப்படி பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது. கீழயே ரூம், ரூமுக்குள்ளயே பாத்ரூம். அது இருந்தா தேதி வாங்கிக்குங்க. இல்லேன்னா வாங்காதீங்க" என்றும் சொன்னார்.

அவள் தேதி வாங்கிக்கொண்டுதான் வந்தாள். ஆபரேஷனுக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

அந்த வீட்டில் கீழே ஒரே ஒரு அறைதான். முன்னால் நாலு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் கூடம், பின்னால் சமையலறை, பக்கவாட்டில் அந்த அறை, அறைக்குள் குளியலறை. படுக்கிற அறை மாடியில் இருந்தது. பதினேழு படி ஏற வேண்டும். தலைக்கு மேல் வெறும் கான்கிரீட் கூரை. கோடையில் இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் சுடும்.

கீழறையில் மனிதர் யாரும் படுத்ததில்லை. மூன்று சுவரை ஒட்டித் தரையிலிருந்து உத்தரம் வரை இரும்புச் சட்டம் அடித்து, இசைத்தட்டுகள் நின்றன. நாலாவது சுவரில் இரண்டு இரும்பு பீரோ. நடுவில் இன்னும் இரண்டு வரிசைச் சட்டங்கள். அவற்றுக்கு இடையே போகிற வழியை அன்று சாயங்காலம் அவள் தையல் டேப் வைத்து அளந்தாள். பதினாறு அங்குலம். ஆபரேஷனுக்குப் பிறகு பிடித்துக்கொண்டு நடக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற நாலுகால் கம்பியின் அகலம் இருபத்து நாலு.

அவள் குனிந்து அளப்பதைப் பார்த்துக்கொண்டே கணவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலை அவருக்கு. மழையில் நனைந்த காக்கிச் சட்டையை உதறினார். வேலை இடத்திலும் தெருவிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: பிளேட்டு.

"என்ன அளக்கற?"

"கீழ ரூம் வேணும்ங்கறார் டாக்டர்."

"எந்த ரூம்?"

"இந்த வீட்ல கீழ எத்தன ரூம் இருக்கு?"

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். துவட்டி முடித்தபின், "ஹால்ல கட்டில் போட்டுக்க" என்றார்.

"பாத்ரூமுக்கு?"

"ரூம் வழியாப் போயிட்டு வா. நான் என்ன கதவ சாத்தியா வச்சிருக்கேன்?"

"வழி பதினாறு அங்குலம். கம்பி இருபத்து நாலு."

"கம்பியச் சாய்ச்சுப் பிடிச்சுட்டுப் போ."

"கம்பியச் சாய்ச்சா நானும் சாஞ்சுடுவேங்க. அதுக்குத்தானே கம்பி."

"அப்ப ஒண்ணு பண்ணு, ஆஸ்பத்திரியிலயே மூணு மாசம் இருந்துட்டு வா. முப்பது வருஷமா அங்கதானே உழைக்கற, ஒரு கட்டில் குடுக்க மாட்டாங்களா?"

"எல்லாத்தையும் மேல ஏத்திடலாம்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். சின்னக் குழந்தை அடுப்புக்குள் கையை விடப் போவதைப் பார்க்கிற பார்வை அது. "மேல வெயில் இறங்கும். தட்டு வளையும். உனக்குத் தெரியாததா?"

"அதே வெயில்லதானே பத்தொம்பது வருஷமாப் படுத்திருக்கேன். மனுஷி வளையலாம், தட்டு வளையக் கூடாது."

"நீ ஒண்ணும் வளைஞ்ச மாதிரி தெரியல. முன்னைக்கு இப்ப நல்லா நிமிர்ந்துதான் பேசற."

அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள், "சோறு வச்சிருக்கு." அவர் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார், "பசியில்ல." ஆனால் சாப்பிட்டுவிடுவார். தட்டைக் கழுவி வைக்க மாட்டார். அவளும் அதை எடுக்க மாட்டாள். மூன்று நாளில் தொட்டியில் தட்டு நிறைந்தது. நாலாம் நாள் மழைக்கு ஒதுங்கிய எறும்புகள் வரிசை கட்டி வந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டிக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் தட்டை மட்டும் கழுவிக்கொண்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் போர்வை மடிக்கிறவள். ஒரு பக்கம் ஈரத் துணியைச் சூடான உருளைக்குள் விடுவார்கள். மறுபக்கம் காய்ந்து, தேய்த்து, கையைச் சுடச்சுட வந்து விழும். இருவர் இருவராக நின்று, நாலு முனையைப் பிடித்து உதறி, இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கி அடுக்க வேண்டும். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். சிமெண்டுத் தரை. உட்கார முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் உருளை நிற்குமா என்று மேஸ்திரி கேட்பார். முட்டி போனது அங்கேதான். மடிப்பக்கா என்றால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே நாள் முழுவதும் பாட்டு ஓடும். எதிர் முனை பிடிக்கிற பெண் தன் ஃபோனைச் சின்ன ஸ்பீக்கரில் இணைத்துச் சன்னல் திட்டில் வைத்திருப்பாள். போன வாரம் வந்த பாட்டு, நேற்று வந்த பாட்டு. உருளையின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்றால் அடி பலமாக இருக்க வேண்டும். புதுப் பாட்டுகளில் அது இருந்தது. மடிப்பக்காவுக்கு அவை பிடிக்கும். பிடிக்கும் என்பதைவிடக் கைக்கு உதவும் என்று சொல்ல வேண்டும். அடிக்கு ஒரு உதறல், அடிக்கு ஒரு மடிப்பு.

"அக்கா, கவனிச்சியா? முன்னல்லாம் ஒரு பாட்டுக்குப் பதினாலு போர்வை மடிப்போம். இப்ப ஒம்போதுதான் ஆகுது" என்றாள் எதிர் முனைக்காரி.

"நமக்குக் கை தளந்துடுச்சா?"

"கையெல்லாம் அப்படியேதான் இருக்கு. பாட்டு குட்டையாயிடுச்சு. ரெண்டரை நிமிஷத்துல முடிச்சுக்கறாங்க. யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்களாம்."

"எங்க வீட்ல ரெண்டாயிரத்துச் சொச்சம் ரிக்கார்டு இருக்கு. ஒண்ணுல கூட அரை நிமிஷம் கேக்கறதில்ல. அதுக்கு இது தேவலை."

"ரூம் தந்தாரா உன் வீட்டுக்காரர்?"

"ரூமா? மூச்சே விடல."

"கொளுத்திடுக்கா."

"ரிக்கார்டு எரிஞ்சா புகை கரியாட்டம் வருமாம். எனக்கு இருமல் வேற இருக்கு."

எதிர் முனைக்காரி சிரித்ததில் போர்வை நழுவியது. தரையில் விழுந்த போர்வை மறுபடியும் முதலிலிருந்து வெளுக்கப் போக வேண்டும். மேஸ்திரி எட்டிப் பார்த்தார். இருவரும் வாயை மூடிக்கொண்டு மடித்தார்கள்.

பிளேட்டு ஒரு காலத்தில் பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்தார். வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் கேசட்டில் பதிந்து, அட்டையில் பாட்டு வரிசையை அழகாக எழுதித் தருவார். அதற்காக வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள்தாம் அவை. கேசட் போய் வேறொன்று வந்தது. அதுவும் போனது. கடையை மூடியபோது சாமான் எல்லாவற்றையும் விற்றார், தட்டுகளைத் தவிர. அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். பாட்டு செத்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். சலவைக் கூடத்துப் பாட்டு ஏதாவது வாயில் ஒட்டிக்கொண்டு அவள் முணுமுணுத்தபடி வீட்டுக்குள் வந்தால், "அந்தக் கண்றாவிய வாசலோட விட்டுட்டு வா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கீழறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். அந்த ஞாயிறும் பார்த்தார். வெளியே மழை சலித்துக்கொண்டே பெய்தது. கூடத்தில் காலை நீட்டி முட்டிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த அவளுக்கு எல்லாம் தெரிந்தது.

உலகத்தில் யாரும் செய்யாத ஓர் ஏற்பாட்டை அவர் செய்து வைத்திருந்தார். தட்டை அதன் படம் போட்ட அட்டைக்குள் வைத்தால், தட்டின் விளிம்பு உரசி அட்டையில் வட்டமாகத் தடம் விழும், ஓரம் கிழியும். அதனால் அட்டையைத் தனியாகப் பிரித்து, கண்ணாடித் தாள் உறை போட்டு, பீரோவில் படுக்க வைத்துவிட்டார். தட்டு வெறும் வெள்ளை உறைக்குள் இரும்புச் சட்டத்தில் நின்றது. எந்த அட்டைக்கு எந்தத் தட்டு என்பதற்கு இரண்டிலும் ஒரே எண் ஒட்டியிருந்தது. ஞாயிறுதோறும் அவர் பீரோவைத் திறந்து, பழைய பனியன் துணியால் ஒவ்வோர் அட்டையையும் துடைப்பார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வைப்பார். அது முடிந்ததும் ரிக்கார்டு பிளேயரைப் போடுவார். மேலே தட்டு எதுவும் இருக்காது. மோட்டார் இறுகிவிடக் கூடாதே என்பதற்காகப் பத்து நிமிஷம் வெறுமே ஓட விடுவார். சுழல்கிற வட்டத்தின் உள் விளிம்பில் எங்கோ ரப்பர் தேய்ந்து போயிருந்தது. சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று ஒரு சத்தம் வரும். டக். டக். டக். அந்த வீட்டில் ஞாயிறு என்றால் அந்தச் சத்தம்தான்.

எண்களை ஒட்டியது அவள். கடை மூடிய புதிதில், மூன்று வாரம் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார்கள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஊதா மையில் ஒவ்வோர் எண்ணையும் இரண்டிரண்டாக ஸ்டிக்கரில் எழுதி முதலிலேயே தயார் செய்தாள். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்து அட்டைகளுக்கு ஒட்டினார். அவள் எதிர்ப்பக்கம் அதே வரிசையில் தட்டு உறைகளுக்கு ஒட்டினாள். அறுநூற்றுப் பதினாலில் இருக்கும்போது, சலவைக் கூடத்திலிருந்து நின்ற காலோடு வந்தவள் தேநீர்க் கோப்பையை ஓர் அட்டையின் மேல் வைத்துவிட்டாள். அவர் கத்தினார். கை கால் இருந்தால் போதுமா, மூளை வேண்டாமா என்று கேட்டார். நாலு வயது மகள் அந்தச் சத்தத்தில் தூக்கத்திலிருந்து எழுந்து அழுதாள். மகளைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்த அவள், அந்த எண்ணை ஏற்கெனவே ஒட்டிவிட்டதை மறந்து இன்னொரு ஸ்டிக்கரை எடுத்து அறுநூற்றுப் பதினாலு என்று எழுதி ஒட்டினாள். அடுத்த தட்டுக்கு அறுநூற்றுப் பதினைந்து. அதற்கு அடுத்ததற்குப் பதினாறு.

கடைசி நாள் தட்டெல்லாம் தீர்ந்த பிறகு அவள் கையில் ஒரு ஸ்டிக்கர் மிஞ்சியது. 2140.

அப்போதே புரிந்துவிட்டது. அறுநூற்றுப் பதினாலுக்கு அப்புறம் எல்லாத் தட்டும் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. சொன்னால் கத்துவார். எப்படியும் நாளைக்கே ஏதாவது ஒரு தட்டை எடுத்துப் போடுவார், அன்றைக்குக் கத்திக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டாள். நாளைக்கு அவர் போடவில்லை. அந்த வாரம் போடவில்லை. முதல் வருஷம் எப்போதாவது முதல் நூறுக்குள் இருந்து எதையாவது எடுத்தார். பிறகு அதுவும் நின்றது. அவளுடைய பயம் மெல்ல வேறொன்றாக மாறியது. ஸ்டிக்கரைச் சலவைக் கூடத்து அடையாள அட்டையின் உறைக்குள், தன் புகைப்படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அடையாள அட்டையை நாலு முறை புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கரை எடுத்துப் புது உறைக்குள் வைத்தாள். பத்தொன்பது வருஷமாக அது அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தது.

மகள் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் வந்தாள். வெளியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்துகிற தொழில் என்பதாலோ என்னவோ, பேச்சையும் வளைக்காமல் நேராகக் குத்துவாள். வரும்போது தனியாக வரவில்லை. காபிக்கடை ஒன்று புதிதாகத் திறக்கப் போகிற ஒருவரைக் கூட்டி வந்தாள். முப்பது வயது இருக்கும். குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மரியாதையான ஆள்.

"அப்பா, இவரு பழைய ரிக்கார்டு தேடறாரு. பாதி போனா கூடப் போதும், அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டுடலாம்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே வந்தேன்."

பிளேட்டு விரட்டிவிடுவார் என்றுதான் மடிப்பக்கா நினைத்தாள். அவரோ சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "வாங்க தம்பி" என்றார். பல வருஷமாக அந்த அறையைப் பார்க்க யாரும் வரவில்லை. ஓர் ஆளை உள்ளே விட்டு, இருப்பதையெல்லாம் காட்டி, அப்புறம் கிடையாது என்று சொல்லி அனுப்புவதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்யும்.

காபிக்கடைக்காரர் பீரோவில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கண் விரிந்தது. "சார், புதுசு மாதிரி இருக்கே! எங்கயும் இப்படிப் பார்த்ததில்ல."

"பார்க்க முடியாது." அவர் குரல் இறங்கிக் கனிந்தது. "ஒரு தடம், ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்."

"இருநூறு வேணும் சார். நல்ல கலரா இருக்கறதா நானே பொறுக்கிக்கறேன். சுவர் முழுக்க ஒட்டப் போறோம்."

"ஒட்டறதா?"

"ஆமா சார், வால்பேப்பர் மாதிரி. தட்டு எங்களுக்கு வேணாம். அதை நீங்களே வச்சுக்கலாம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட்டைக்கு வந்தியா நீ?" 'வாங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "ஆளை விட்டுட்டுச் சட்டைய மட்டும் கூப்பிட வந்திருக்க. உனக்குப் பாட்டுன்னா என்னன்னு தெரியுமா? ஃபோன்ல தடவித் தடவி நாலு செகண்டு கேக்கற பயலுகளுக்கு என்ன தெரியும்? உட்காரு. உட்காருடா அந்த ஸ்டூல்ல."

"பரவால்ல சார்..."

"உட்காரு! நாப்பது வயலின் சேந்து எடுக்கும் பாரு, மயிர்க்காலெல்லாம் எழும்பும். ஒரு தடவை கேளு. கேட்டுட்டு அதுக்கப்புறம் சுவத்துல ஒட்டறதா வேணாமான்னு நீயே சொல்லு."

அவர் பீரோவிலிருந்து ஓர் அட்டையை உருவினார். கடலும் கப்பலும் படம். மூலையில் ஊதா மையில் 1108. சமையலறை வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவளுடைய ஒரு கை கழுத்திலிருந்த அடையாள அட்டைக்குப் போனது. ஏங்க, வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. பதினாறு அங்குல வழியில் பக்கவாட்டாக நுழைந்து போகிற அவருடைய முதுகைப் பார்த்ததும் நாக்கு படுத்துக்கொண்டது.

சட்டத்திலிருந்து 1108ஆம் உறையை எடுத்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பை மட்டும் பிடித்துத் தட்டை வெளியே எடுத்தார். கண்ணாடி மேஜை மேல் கிடந்தது. போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எண் சரியாக இருந்தால் தட்டு சரியாகத்தான் இருக்கும். காபிக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் வரப்போகிற மாறுதலுக்காகக் காத்துக்கொண்டே, ஊசியை இறக்கினார்.

டக். கரகரப்பு. டக். பிறகு ஓர் ஆணின் கண்டிப்பான குரல்:

"உடற்பயிற்சி, பாடம் மூன்று. கால்களைச் சேர்த்து நிற்கவும். முட்டியை மடக்காமல் குனியவும். ஒன்று... இரண்டு..."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, இருமலாக மாற்றி, முடியாமல் சிரித்தாள். "முட்டியை மடக்காமலா! அம்மாவுக்குன்னே போட்ட மாதிரி இருக்கேப்பா."

"மூன்று... நான்கு..." என்றது தட்டு.

பிளேட்டு ஊசியைத் தூக்கினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். 1107ஐ உருவினார். அதற்குள் நாற்பது வயலின் இருந்தது. 900ஐ எடுத்தார். 1500ஐ எடுத்தார். 300ஐ எடுத்தார், அது சரியாக இருந்தது. 600, சரி. 650, தப்பு. ஸ்டூலில் இருந்தவரை அவர் மறந்தே போனார். தப்பு எந்த எண்ணில் தொடங்கியது என்று வேகமாகக் குறுக்கிக் குறுக்கி வந்தார். அரைமணி நேரம் ஆயிற்று. கடைசியில் சட்டத்தின் நடு அடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு உறைகளை எடுத்துக் கூடத்துக்கு வந்தார். இரண்டிலும் 614.

"சார், அட்டை எல்லாம் சரியாத்தானே இருக்கு? எனக்கு அட்டைதான்..." என்றார் காபிக்கடைக்காரர்.

"வெளிய போ."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வரவுமில்லை.

பிளேட்டு அவள் முன்னால் இரண்டு உறைகளையும் நீட்டினார். "உன் கையெழுத்து."

"ஆமா."

"ரூம் தரலன்னு கலைச்சு விட்டியா?"

"ரூம் பேச்சு இப்பதானே வந்துச்சு. இது பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி பண்ணது. நீங்க மூளை வேணாமான்னு கேட்டீங்களே, அன்னிக்கு."

"தெரிஞ்சே பண்ணியா?"

"தெரியாமத்தான் பண்ணேன். தெரிஞ்சப்புறம் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? ஒரு தட்டை எடுத்துப் போட்டா உங்களுக்கே தெரியுமே. இன்னிக்குப் போடுவாரு, நாளைக்குப் போடுவாருன்னு இருந்தேன்." அவள் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றினாள். வேலைக்குப் போகாத நாளிலும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டிருப்பாள். படத்துக்குப் பின்னாலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினாள். ஓரம் பழுத்திருந்தது. ஊதா மை அப்படியே இருந்தது. "இந்தாங்க, மிஞ்சினது. இதை யாராவது கேப்பாங்கன்னு இத்தன வருஷம் கழுத்துல கட்டிட்டுத் திரிஞ்சேன்."

"பழி வாங்கியிருக்க."

"பழி வாங்கறவளா இருந்தா ரெண்டாயிரத்தையும் சீட்டு குலுக்கற மாதிரி குலுக்கி வச்சிருப்பேன். தப்பு ஒரே ஒரு நம்பர்தாங்க. மீதியெல்லாம் நீங்க."

மகள் சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தாள். "அப்பா, பாட்டு செத்துப் போச்சு, கேக்க நாதியில்லன்னு எங்களைப் பார்த்துத்தானே கத்துவீங்க? வெறும் மோட்டாரை ஓட விட்டுட்டு..."

"வாயை மூடு" என்றார். ஆனால் கத்தவில்லை. ஸ்டிக்கருக்குக் கையை நீட்டினார். அவள் அதை மறுபடியும் தன் படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. அவள் படுக்கிற மரக் கட்டிலை அவர் ஆணி கழற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். பலகையைக் கூடத்தில் கொண்டுவந்து சாய்த்தார். பிறகு கீழறைக்குள் போய் இருபத்தைந்து தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். பதினேழு படி ஏறினார். இறங்கினார். இன்னொரு இருபத்தைந்து.

"என்ன பண்றாரு?" என்றாள் மகள்.

"சரி பண்றாரு. ஆயிரத்து ஐநூத்தி இருபத்தாறு தட்டை ஒவ்வொண்ணா உறை மாத்தணும். பரப்பி வச்சுப் பார்க்கத் தரை வேணும்ல. கீழ ஏது தரை?"

"மேல வெயில் இறங்கும், தட்டு வளையும்ன்னாரே?"

"தப்பு நம்பரோட வளையாம இருக்கறதுக்கு, சரியான நம்பரோட வளைஞ்சா தேவலைன்னு தோணியிருக்கும்."

நாலு நாளாயிற்று. வண்டி நிறுத்துமிடத்துக்கு லீவு சொன்னார். எண்பத்தாறு நடை, அதன்மேல் அட்டைகள், அதன்மேல் சட்டங்கள். அவருடைய முட்டியும் கதறியிருக்கும். ஏழாவது படியில் நின்று சுவரைப் பிடித்து மூச்சு வாங்குவதை அவள் கூடத்திலிருந்து பார்த்தாள். மகள் கை கொடுக்கப் போனாள். "தொடாத" என்றார். சூடான சாதமும் முட்டையும் வைத்தால் நின்றபடி தின்றுவிட்டுப் போனார். ஒரு தடவை அவள், "விழுந்து கிழுந்து வைக்காதீங்க, ஒரு வீட்ல ஒரு ஆபரேஷன் போதும்" என்றாள். சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "உனக்காக ஒண்ணும் நான் தூக்கல" என்று ஜன்னலைப் பார்த்துப் பதில் வந்தது.

அது உண்மைதான். அவளுக்கும் தெரியும். ஆனால் காலியான அறையில் மகள் கட்டிலைப் பூட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வந்திருந்த நாலுகால் கம்பியைத் தள்ளிக்கொண்டு குளியலறை வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, எங்கும் இடிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் ஒரு ஞாயிறு. மழை விட்டிருந்தது. மகள் கடைக்குப் போயிருந்தாள். உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண் வந்து, தினமும் இருபது தடவை முட்டியை மடக்கி நீட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர் முனைக்காரி அனுப்பியது. போன வாரம் வந்ததாம். முடியவே முடியாது என்பது போல் ஆரம்பித்து, சட்டென்று முடிந்தது.

கதவருகே அவர் நின்றிருந்தார். கையில் எண் கிழித்த ஒரு வெள்ளை உறை. உள்ளே ஒரு தட்டு.

"அந்த ஸ்டிக்கர்."

"எல்லாம் மாத்தியாச்சா?"

"இது ஒண்ணுதான் பாக்கி. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

"புதுசா ஒண்ணு எழுதி ஒட்ட வேண்டியதுதானே?"

"மத்ததெல்லாம் ஒரே கை. ஒரே மை." இதை அவர் நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார்.

"அது என்ன தட்டு?"

"கடைசியா வாங்கினது. கடை மூடின வாரம்."

"கேட்டிருக்கீங்களா?"

"ஊசியே படல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் தலை தன்னால் நிமிர்ந்தது.

அவள் அடையாள அட்டையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மேல போய் அதை ஒரு தடவை போடுங்க. எனக்குக் கேக்கற மாதிரி கதவைத் திறந்து வச்சுப் போடுங்க. ஒரு பாட்டு போதும். போட்டுட்டு வாங்க, தர்றேன்."

"உனக்கு எதுக்கு அது? உனக்குத்தான் ஃபோன்ல தகர டப்பா ஓடுதே."

"எனக்கு வேணாம். நீங்க கேளுங்க."

"ஊசி பட்டா தேயும்."

"தேயட்டுமே. தேயறதுக்குத்தானே அதுல கோடு போட்டிருக்கான்."

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அந்த அறையில் தன்னுடைய சட்டங்கள் நின்ற இடத்தில் சுவரில் விழுந்திருந்த துருக்கோடுகளைப் பார்த்தார். திரும்பினார். பதினேழு படியையும் அவள் எண்ணினாள். ஏழாவதில் நின்றார். பிறகு ஏறினார்.

அவள் ஃபோனை அணைத்தாள்.

மேலே கதவு திறந்தே இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தொடங்கியது.

டக்.

டக்.

அவள் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தாள். கரகரப்பு வருகிறதா என்று பார்த்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. மோட்டார் இறுகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி இறங்குகிற சத்தம் வரவேயில்லை.

ஸ்டிக்கரை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் முகத்துக்குப் பின்னால் திரும்ப வைத்தாள். இரண்டு கையாலும் வலது தொடையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு டக்குக்கு மடக்கினாள். இரண்டு டக்குக்கு நீட்டினாள். வலி உச்சந்தலைக்கு ஏறியது. சத்தம் ஒரே சீராக வந்தது, எண்ணுவதற்குத் தோதாக. இருபது வரை எண்ணி முடித்ததும் ஃபோனை எடுத்துப் பாட்டைப் போட்டாள், எவ்வளவு சத்தம் கூடுமோ அவ்வளவு கூட்டி.